ஹைட்ரோ கம்பிகளுக்குக் கீழே ஒரு வண்ணத்துப்பூச்சிப் பாதை

மொனார்க் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்துக்கு எங்கே போகிறது என்ற ஒரே கேள்விக்குப் பின்னால் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தவர் ஒருவர் கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்கே உள்ள எங்கள் ஸ்காபரோவில் பேராசிரியராக இருந்தார். பெயர் ஃபிரெட் அர்குஹார்ட். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில், இன்று எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் படிக்கப் போகும் அதே இடத்தில், விலங்கியல் படிப்பித்தவர். அவர் 1930களின் கடைசியிலிருந்தே, பிறகு மனைவி நோராவும் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சியின் சிறகில் அடையாளம் ஒட்டிப் பறக்கவிட வழி தேடிக்கொண்டிருந்தார்கள். முத்திரை மாதிரி பசை தடவி ஒட்டிய துண்டுகள் மழையில் கழன்று விழுந்தன. கடைசியில் கடைகளில் சாமானுக்கு விலை ஒட்டுகிற ஸ்டிக்கர்தான் கைகொடுத்தது. சிறகின் முன்விளிம்பில் செதிலை மெல்லத் துடைத்துவிட்டு, துண்டை மடித்து ஒட்டினால் விழாது. கண்டெடுப்பவர் ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்பவேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

இரண்டு பேர் எத்தனை பூச்சிக்கு ஒட்டுவது? 1952இல் நோரா ஒரு சஞ்சிகையில் எழுதி, உதவிக்கு ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். முதலில் வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு டசின் பேர். போகப்போக அது ஆயிரக்கணக்காகியது. ஆசிரியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வெடுத்தவர்கள், கமக்காரர். இவர்கள் அனுப்பிய துண்டுகளை வைத்து வரைபடத்தில் கோடு இழுத்தால் எல்லாம் தென்மேற்கே, அமெரிக்காவின் ரெக்ஸாஸ் பக்கம் போய் நின்றன. அதற்கப்பால் என்ன? 1970களின் தொடக்கத்தில் நோரா மெக்சிகோப் பத்திரிகைகளுக்கு எழுதினார். கென் புறுகர் என்பவர் பதில் போட்டார். அவரும், மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தைச் சேர்ந்த கத்தலீனா அகுவாதோவும் மலை மலையாகத் தேடி, 1975 ஜனவரியில் செர்ரோ பெலோன் என்ற மலையில் கோடிக்கணக்கான மொனார்க்குகள் மரங்களில் அப்பிக்கிடப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடம், 64 வயதில், ஃபிரெட் மூச்சு வாங்க அந்த 3,000 மீற்றர் உயரத்துக்கு ஏறினார். அங்கே பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த கும்பலுக்குள் ஒரு பூச்சியின் சிறகில் வெள்ளைத் துண்டு. மினசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் மாணவர்களும் முந்தைய ஆகஸ்டில் ஒட்டியது அது.

மலையடிவாரத்து மசாவா, புரேபெச்சா மக்களுக்கு இதொன்றும் புதினமல்ல. நவம்பர் முதல் வாரத்தில், இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களில், பூச்சிகள் வந்து இறங்கும். செத்துப்போனவர்களின் ஆத்மாக்கள் வீடு திரும்புகின்றன என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆகவே 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முனையிலும் இருந்த சாதாரண சனங்களுக்குத் தெரிந்த பாதிப் பாதிக் கதைகள் அந்த மலையில் ஒன்றாகச் சேர்ந்தன என்பதே சரி.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பூச்சியைக் காப்பாற்றும் வேலையும் அப்படியேதான் நடந்து வருகிறது. சட்டம் எப்போதும் பிந்தித்தான் வந்தது. கனடா அரசு மொனார்க்கை அழிவாபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏற்றியது 2023 டிசம்பரில். அமெரிக்கா பட்டியலில் சேர்க்க முன்மொழிந்ததே 2024 டிசம்பரில்தான். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஆட்கள் அதன் புழு தின்னும் செடிக்கு விதை பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எவ்வளவு குறைந்துவிட்டது என்பதைத் தலையால் எண்ண முடியாது. மெக்சிகோக் காட்டில் அவை எவ்வளவு பரப்பில் அடைந்திருக்கின்றன என்றுதான் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14இல் 0.67 ஹெக்டேர். யாழ்ப்பாணக் கணக்கில் 26 பரப்புச் சொச்சம். கனடாவின் தென்பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் முழுக் கிழக்குப் பக்கத்திலிருந்தும் போன பூச்சிகள் அத்தனையும் ஊரில் ஒரு தோட்டக்காணிக்குள் அடங்கிவிட்டன. இடையில் கொஞ்சம் ஏறி, 2023-24இல் திரும்பவும் 0.9க்கு இறங்கி, 2024-25இல் 1.79க்கு வந்தது. ஆறு ஹெக்டேராவது இருந்தால்தான் ஆபத்தைத் தாண்டலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

மெக்சிகோ முனையில் விலை கொடுத்தவர்கள் ஏழைகள். அங்கே பூச்சிகள் தங்குவது ஓயாமெல் என்ற தேவதாரு வகை மரங்களில். காடு அடர்த்தியாக இருந்தால் மழையும் உறைகுளிரும் உள்ளே இறங்காது. மரம் குறைந்தால் நனையும், நனைந்த பூச்சி விறைத்துச் சாகும். 2002 ஜனவரியில் ஒரு மழைப்புயலும் அதன் பின்னால் வந்த குளிரும் கோடிக்கணக்கில் கொன்று தரையில் கொட்டின. மெக்சிகோ அரசு 1986இல் முதல் பாதுகாப்பு அறிவித்து, 2000இல் அதை 56,000 ஹெக்டேருக்கு மேல் விரித்தது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தக் காடு ஊர்ப் பொதுக்காணி. மரம் வெட்டிச் சீவித்த குடும்பங்கள் அங்கே இருந்தன. மரம் வெட்டும் உரிமையை விட்டுக்கொடுத்த ஊர்களுக்கு நட்டஈடாகப் பணம் கொடுக்கும் நிதி ஒன்று அமைந்த பிறகுதான் சட்டத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஊர்க்காரர்களே நாற்றுமேடை வைத்து மரம் நடவும், இரவில் காவல் போகவும், சுற்றுலாப்பயணிகளைக் கூட்டிப்போகவும் தொடங்கினார்கள்.

எல் ரொசாரியோ சரணாலயத்தை நடத்திய ஓமேரோ கோமெஸ் கொன்சாலெஸ் அப்படி மாறிய ஒருவர். ஒரு காலத்தில் மரம் வெட்டியவர். பிறகு அதே காட்டுக்குக் காவலாக நின்றவர். 2020 ஜனவரி 13ஆம் தேதி காணாமல் போனார். இரண்டு வாரம் கழித்து உடல் கிடைத்தது. அடுத்த சில நாளில் ராவுல் எர்னாண்டெஸ் ரொமேரோ என்ற வழிகாட்டியும் பிணமாகக் கிடந்தார். 'ஆளைக் காணோம்' என்ற செய்தியை எங்கள் சனம் எப்படிக் கேட்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இங்கே நான் பூக்கன்று வைத்தால் அயலவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அங்கே உயிர் போகிறது. அதை மறந்துவிட்டு இந்தப் பூச்சியைப் பற்றி எழுதக்கூடாது.

சரி, எங்கள் முனைக்கு வருவோம். காடு பாதிக் கதை. மறுபாதி மில்க்வீட் என்ற செடி. மொனார்க் புழுவுக்கு வேறு சாப்பாடு கிடையாது. எங்கள் எருக்கலைக்குச் சொந்தக்காரச் செடி இது. இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால், காய் வெடித்தால் அதே பட்டுப்பஞ்சு. ஊரில் எருக்கலையில் வரிவரியாகப் புழு மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இங்கே மில்க்வீட்டைப் பார்த்ததும் விளங்கிவிடும். வெந்தய வரியன் என்ற அந்தப் பூச்சி மொனார்க்கின் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் செடியின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொண்டு, தன்னைத் தின்ன வரும் பறவைக்குக் கசக்கின்றன.

அமெரிக்காவின் சோளப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் பயிர் நிரைகளுக்கு நடுவில் மில்க்வீட் தானாக முளைத்து நிற்கும். உழுதாலும் அடிக்கிழங்கிலிருந்து திரும்ப வரும். 1996இல் களைகொல்லியைத் தாங்கும் சோயாவும், இரண்டு வருடம் கழித்துச் சோளமும் விற்பனைக்கு வந்தன. அதற்குப் பிறகு கிளைபோசேட் என்ற அந்தக் களைகொல்லியை வயல் முழுக்க அடிக்கலாம், பயிர் மட்டும் நிற்கும். வயலுக்குள் இருந்த மில்க்வீட் ஏறத்தாழ முழுதாகப் போய்விட்டது. அயோவா ஆய்வொன்றை வைத்துப் போட்ட கணக்கின்படி, 1999க்கும் 2010க்கும் இடையில் மத்திய மேற்கு நிலப்பரப்பில் மில்க்வீட் 58 வீதம் குறைந்தது. வயலுக்குள் நின்ற செடிகளில்தான் மொனார்க் கூடுதலாக முட்டையிடும் என்பதால் இழப்பு அந்த 58ஐவிடப் பெரியது. இதை ஈடுகட்ட நூறு கோடிக்கு மேல் செடி வேண்டும் என்கிறார்கள். வீட்டுத்தோட்டம் வைத்து அதை நிரப்ப முடியாது. வீதியோரம், வயலோரம், ரயில்பாதை, மின்கம்பிப் பாதை எல்லாம் சேர்ந்தால்தான் எண்ணிக்கை கொஞ்சமாவது கூடும்.

இந்தச் செடியை ஆட்கள் நடத்திய விதமே ஒரு தனிக் கதை. இரண்டாம் உலகப்போரில், ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சு நின்றுபோனதும், கடற்படையின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைக்க மில்க்வீட் பஞ்சுதான் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாக்கோடு வெளியே அனுப்பிக் காய் பொறுக்கினார்கள். இரண்டு சாக்குக் காய்க்கு ஒரு அங்கி. போர் முடிந்ததும் அது திரும்பவும் களையாகிவிட்டது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி தீங்குக் களைப் பட்டியலிலேயே இருந்தது. 2014இல்தான் எடுத்தார்கள். அதே திருத்தத்தில் நாய்நெரிக் கொடி என்று இங்கே சொல்லும் கொடியைப் பட்டியலில் ஏற்றினார்கள். எனக்குத் தெரிந்து மாகாணம் செய்த மிகச் சரியான இடமாற்றங்களில் இது ஒன்று.

அந்தக் கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்காபரோவின் கிழக்கே றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பளபளவென்ற சோடி இலை, கருஞ்சிவப்பில் சின்னப் பூ, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மரத்தடி முழுவதையும் மூடிக்கிடக்கும். மில்க்வீட் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மொனார்க் ஏமாந்து அதில் முட்டையிடும். பொரிக்கும் புழு அதைத் தின்று வளர முடியாமல் செத்துவிடும். கோடையில் தன்னார்வலர்கள் குழுவாகப் போய் அதைப் பிடுங்குகிறார்கள். மேலால் இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளே நின்றுவிடும். கிண்டித்தான் எடுக்கவேண்டும். காய் வெடிக்குமுன் எடுக்கவேண்டும். ஒரு மேசை அளவு இடத்தைச் சுத்தமாக்கவே நாரி முறிந்துவிடும். அடுத்த வருடம் போனால் திரும்ப முளைத்திருக்கும், திரும்பப் பிடுங்குவார்கள்.

ஸ்காபரோவின் நடுவால் போகும், ஹைட்ரோ என்று இங்கே சொல்லும் மின்கம்பிப் பாதை பலருக்குத் தெரியும். உயர்ந்த கோபுரங்கள், கம்பிகள், கீழே அகலமான வெற்றுப் புல். வருடக்கணக்காக இயந்திரம் வந்து அந்தப் புல்லை வெட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான் அதன் பயன். அந்த நிலத்தில் ஒரு துண்டை முதலில் வண்ணத்துப்பூச்சிப் பாதை என்று பெயரிட்டுப் பூம்புல்வெளியாக்கினார்கள். அது சரிவந்ததும், 2018இல், ரொறன்ரோப் பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபையும் நகரசபையும் வெஸ்டன் குடும்ப அறக்கட்டளையின் பணத்தோடு அதைப் பெரிதாக்க அறிவித்தன. மெடோவே என்று பெயர். டொன் நதிப் பள்ளத்தாக்கிலிருந்து றூஜ் தேசிய நகரப் பூங்கா வரை 16 கிலோமீற்றர், 200 ஹெக்டேர்.

பழைய புல்லை அகற்றி, இந்த மண்ணுக்குரிய புல்லும் பூச்செடியும் விதைக்கிறார்கள். முதல் வருடம் அங்கே போனவர்கள் ஏமாந்திருப்பார்கள். இந்தச் செடிகள் முதலில் வேரைத்தான் இறக்கும். மேலே பார்த்தால் ஏதோ பற்றைக்காடு. இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் பூ வரும். அதுவரைக்கும் 'காசைக் கொட்டிக் குப்பை வளர்க்கிறார்கள்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க ஒரு பொறுமை வேண்டும். இப்போது ஓகஸ்ட் பின்னேரங்களில் அந்தப் பாதையில் நடந்தால் மில்க்வீட், பெர்கமொட், கறுப்புக் கண் சூசன், கோல்டன்றொட் எல்லாம் இடுப்பளவுக்கு நிற்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து செடி நடவைக்கிறார்கள். எங்கள் ஆட்களும் இப்போது நிறைய நடக்கிறார்கள். சேலையோடும் ஓட்டச் சப்பாத்தோடும் அம்மாக்கள் கூட்டம் போவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

என் வீட்டுப் பின்வளவில் வேலியோரம் சதுப்பு மில்க்வீட் வைத்திருக்கிறேன். பொது மில்க்வீட் நிலத்துக்கடியில் ஓடி அயலுக்குப் போகும். சின்ன வளவுக்குச் சதுப்பு வகைதான் தோது. ஜூலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் முட்டை இருக்கும். வெண்மஞ்சள் நிறம், கிட்டப் பார்த்தால் மேலிருந்து கீழாக வரி வரி. நாலைந்து நாளில் பொரிக்கும். பிறந்த புழு கண்ணுக்குத் தெரியாத அளவு. முதல் வேலையாகத் தன் முட்டையோட்டைத் தின்னும். பிறகு இலையில் ஒரு வட்டம் அரிக்கும். அந்த வட்டத்துக்குள் பால் வருவது நின்றபிறகுதான் உள்ளே வாய் வைக்கும். அவசரப்பட்டால் பாலில் ஒட்டி அங்கேயே சாகும். நிறையச் சாகிறது. வளர்ந்த புழு இலைக்காம்பைப் பாதி கடித்து இலையைத் தொங்கவிட்டுவிட்டுச் சாவகாசமாகத் தின்னும். பாலின் ஓட்டத்தை அடைத்துவிட்டுச் சாப்பிட அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பக்கத்து வீட்டு அண்ணை புல்தரையில் ஒரு தும்பு விட்டுவைக்காதவர். முதல் கோடையில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, இந்தப் பத்தையை ஏன் வெட்டாமல் விட்டு வச்சிருக்கிறீர்?"

"அண்ணை, இஞ்சால வந்து இந்த இலைக்குக் கீழ பாருங்கோ."

வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"எருக்கலைப் புழு மாதிரியெல்லோ கிடக்கு."

"அதின்ரை சொந்தம்தான். இது மெக்சிகோவுக்குப் போற சாதி."

"இந்தப் புழுவோ?"

அந்தப் புழு போகாது என்று விளக்கினேன். ஜூலையில் பறக்கிறவை இரண்டு முதல் ஆறு வாரம்தான் உயிரோடு இருக்கும். ஓகஸ்ட் கடைசியில், நாள் குறுகி இரவு குளிரும்போது வெளிவருகிற தலைமுறை வேறு. அது உடனே சோடி சேராது. அந்தச் சக்தியையெல்லாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளும். எட்டு மாதம் வரை வாழும். அரைக் கிராம் உடம்போடு 4,000 கிலோமீற்றர் பறந்து, முன்பு போயிராத மலைக்குப் போய்ச் சேரும். வசந்தத்தில் ரெக்ஸாஸ் வரை வந்து முட்டையிட்டுச் செத்துவிடும். ஸ்காபரோவுக்குத் திரும்பி வருவது அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அண்ணை புல்தரையை விடவில்லை. ஆனால் தன் பக்க வேலியோரமாக ஓரடி அகலத்துக்குப் புல்லைக் கிளறிவிட்டு, "இதில உம்மடை எருக்கலையை வையும்" என்றார். தக்காளிக்குப் பக்கத்தில் அது இப்போதும் நிற்கிறது. பால் கண்ணில் படக்கூடாது என்பதை அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கடையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட்டை வாங்காதீர்கள். உறைகுளிர் இல்லாத இடங்களில் அது வருடம் முழுக்கப் பச்சையாக நின்று, மொனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணியைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்துகிறது. இங்கே பனியில் செத்துவிடும் என்றாலும், இந்த மண்ணுக்குரிய செடி இருக்கும்போது அது எதற்கு? விதை விதைப்பதென்றால் நவம்பரில், ஸ்நோ விழுமுன் போட்டுவிடுங்கள். குளிர் பட்டால்தான் முளைக்கும். நாற்று வாங்கினால் பூச்சிமருந்து அடிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். புழுக்களை நூற்றுக்கணக்கில் வீட்டுக்குள் பெட்டியில் வளர்த்துப் பறக்கவிடுகிறவர்களை எனக்குத் தெரியும், நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். நெருக்கி வளர்த்தால் நோய் பரவும் என்று விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு போதும். மிச்சத்தைச் செடியிலேயே விடுங்கள்.

அப்புறம், மில்க்வீட் மட்டும் போதாது. தெற்கே போகும் பூச்சிக்குச் செப்டெம்பரில் தேன் வேண்டும். அஸ்டரும் கோல்டன்றொட்டும்தான் அப்போது பூக்கும். கோல்டன்றொட்டால் தும்மல் வருகிறது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். தும்மலுக்குக் காரணம் அதே நேரத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களை. கோல்டன்றொட்டின் மகரந்தம் பாரமானது, காற்றில் பறக்காது.

எண்ணுவதும் ஒரு வேலைதான். மொன்றியல் பூச்சியியல் அருங்காட்சியகம் 2016இல் தொடங்கிய மிஷன் மொனார்க் என்ற திட்டத்தில் யாரும் சேரலாம். ஒரு இடத்தில் எத்தனை மில்க்வீட், அதில் எத்தனை முட்டை, எத்தனை புழு என்று பார்த்துப் பதியவேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் பூச்சியம் என்று பதியவேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பூச்சி எங்கே இல்லை என்பது தெரியாமல் எங்கே இருக்கிறது என்ற கணக்குக்குப் பெறுமதி இல்லை. நோரா கடிதம் எழுதிக் கேட்ட அதே வேலை, இப்போது போனில் செய்யலாம்.

இப்போது என் ஆசையெல்லாம் கோயில்கள் மேல். ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் எங்கள் கோயில்களுக்குக் காணி இருக்கிறது, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சும்மா புல் கிடக்கிறது. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டிப் போட்ட சனத்துக்கு இந்தச் செடியைப் பற்றி நான் நீளமாகப் பேசத் தேவையில்லை. போன மாரியில் ஒரு கோயில் நிர்வாக சபையிடம் கேட்டோம். ஒருவர் புழு வரும் என்று பயந்தார், வரவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறோம் என்றோம். பின்பக்க வேலியோரத் துண்டு ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிரச்சினை, ஸ்நோ தள்ளுகிறவர்கள் உப்போடு சேர்த்துக் குவிப்பதும் அதே மூலையில்தான். குவியலை எதிர்ப் பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று ஒப்பந்தக்காரரோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம். மாற்றினால் இந்த நவம்பரிலேயே விதைத்துவிடலாம். மாற்றாவிட்டால் வாசல் பக்கம் கேட்போம்.